குண்டு பட்ட குளிர்ப்பெட்டி

அந்தக் கதவு மூடும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மரக்கதவு மாதிரி அடித்துக்கொள்ளாது, தகரக்கதவு மாதிரி அலறாது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவர் "ம்" என்று சொல்வது போல, "பொத்"தென்று மெத்தென மூடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு அப்படி மூடும் ஒரு கதவு உலகத்தில் இருப்பதே அதுவரை தெரியாது. துரை பங்களாவிலிருந்து அந்தக் குளிர்ப்பெட்டி, ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோருக்குப் பின்னால் குப்பைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மலாய் நாட்டில் பெடாஸுக்கும் தம்பினுக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அது சப்பான்காரன் போன பிறகு வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் அவனை எதிர்த்துத் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு வெளியே பட்டாளம் இருந்தது. நடுவில் நாங்கள் ரப்பர் பால் வெட்டினோம்.

எங்கள் பழைய வீடு காட்டோரம் இருந்தது. அந்தப் பக்கத்து லயங்களை மூடி, சட்டி பானையோடு எல்லாரையும் லாரியில் ஏற்றி, ஸ்டோருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றிலும் முள்கம்பி. சாயங்காலம் சங்கு ஊதினால் வாசலில்கூட நிற்கக்கூடாது. அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். பால் டின் வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருவார், காட்டுக்காரர்களுக்கு எடுத்து வைக்க முடியாதபடி. வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீரைத் தவிர தின்னக் குடிக்க எதையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஆள் நின்று தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு மத்தியானம் மூங்கில் புதருக்குள்ளிருந்து துரை பங்களாவைச் சுட்டார்கள். துரை அப்போது வீட்டில் இல்லை. சமையல்காரர் ராயப்பன் மட்டும் குசினியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கதையை அவர் சாகும்வரை சொன்னார். சொல்லச் சொல்ல குண்டு அவர் காதுக்குக் கிட்டே கிட்டே வந்துகொண்டிருந்தது.

இரண்டு குண்டுகள் குளிர்ப்பெட்டியின் கதவைத் துளைத்து உள்ளே போய், பின்னால் இருந்த குழாயை உடைத்துவிட்டன. உள்ளிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது. "குண்டுக்கு நான் பயப்படலைலா. அந்த நாத்தத்துக்குத்தான் ஓடினேன்" என்பார் ராயப்பன். துரைக்குச் சிரம்பானிலிருந்து புதுப்பெட்டி வந்தது. பழையதை ஆறு பேர் தூக்கிக்கொண்டுவந்து ஸ்டோருக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்து நாற்றமும் போய்விட்டது.

நான் அதற்குள் ஏறி ஒளிந்துகொண்டேன். பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தோம். கதவு "பொத்"தென்று மூடியது. உள்ளிருந்து திறக்க வழியே இல்லை. குண்டு துளைத்த ஓட்டையில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன், பிறகு அதே ஓட்டையில் வாயை வைத்து அலறினேன். என் அக்கா அஞ்சலைதான் வந்து திறந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். "இனிமே இதுக்குள்ள ஏறுவியா? ஏறுவியா?" என்று இன்னொன்று வைத்தாள். அப்புறம் அவளே தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"காத்து போகலைன்னா சூடும் போகாதுடி" என்றாள்.

எனக்கு அப்போது புரியவில்லை. முதுகு வலித்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. அதே காலத்தில் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து, இடது கால் வளராமல் நின்றுவிட்டது. வலது காலைவிட நாலு விரல் குட்டை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து எழுவாள். லயத்தில் அவளுக்கு "சாஞ்சா அஞ்சலை" என்று பேர். அவள் அழுததில்லை. "நான் சாஞ்சு நடந்தாலும் மரத்துல காயம் போடாம வெட்டுவேன். நீ நிமிந்து நடந்து என்னா பண்ணுன, மரமெல்லாம் புண்ணு" என்று திருப்பிக் கொடுப்பாள். அது உண்மையும்கூட. அம்மாவோடு போய் உதவிக்கு வெட்டிப் பழகியவள். கத்தி அவள் கையில் பட்டையைச் சீவுவது, வெண்ணெயை வழித்தெடுப்பது போல இருக்கும்.

ஆனால் அவள் பேர் செக்ரோலில், தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில், இல்லை. அம்மாவின் பேர் மட்டும்தான் இருந்தது.

ஒருநாள் வேலையை மேற்பார்க்கும் பெரிய மண்டோர் கோவிந்தன் லயம் லயமாக வந்து சொல்லிக்கொண்டே போனார். வேலிக்குள் இடம் போதவில்லை. வயது வந்தும் செக்ரோலில் பேர் இல்லாதவர்கள், தீபாவளி முடிந்ததும் சொந்தக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். லாரி வரும். எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம், கோலா சாவாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த பெரியப்பா வீடு. பெரியம்மா, "வரட்டும், வீட்டு வேலை பாக்கட்டும், சோறு போடுறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா வேலையை விட்டுப் போக முடியாது, போனால் எங்களுக்கு வீடே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக பாஸ் வேண்டும், காரணம் வேண்டும். போகிறவள் போனவள்தான்.

அம்மா மண்டோரிடம் நின்று அழுதாள். அக்கா அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"மண்டோர் அண்ணே, எனக்கு வெட்டத் தெரியாதா?"

"தெரியும்மா. உன் கையைப் பத்தி நான் பேசல. மலையேத்தத்துல ரெண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்புல மாட்டித் தோள்ல தூக்கிட்டு வரணும். நீ ஒரு பக்கம் சாய, வாளி ஒரு பக்கம் சாய, வழியெல்லாம் பாலை ஊத்திட்டு வந்தா துரைக்கு நான் என்னா பதில் சொல்ல?"

"ஊத்தாம வந்தா?"

"வந்தா பேரை எழுதிட்டுப் போறேன். எனக்கு என்னா, நீ போகணும்னு வேண்டுதலா?"

"அப்ப தீபாவளி வரைக்கும் பேச்சு இருக்கில்ல?"

"இருக்கு" என்றார் மண்டோர். அவர் கெட்டவர் இல்லை. மேலே சொன்னதை வந்து சொல்கிற ஆள், அவ்வளவுதான்.

குட்டையான காலுக்கு நாலு விரல் தடிமனில் சப்பாத்துக்கு ஓர் அடி வைத்துவிட்டால் தோள் சமமாகிவிடும். அக்கா கண்டுபிடித்தது அவ்வளவுதான். முதலில் மரக்கட்டையைச் செதுக்கி, பழைய சப்பாத்து ஒன்றுக்கு அடியில் கட்டிப் பார்த்தாள். ஈரச் செம்மண்ணில் அது சோப்பு மாதிரி வழுக்கியது. வேரில் பிடி கிடைக்கவில்லை. முழங்கால் தோல் போனதுதான் மிச்சம். "ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு மரக்கட்டையைக் கட்டிக்கிட்டு நடக்கிறேன் பாரு, எனக்குப் புத்தி இருக்கா?" என்று அதைத் தூக்கி அடுப்பில் போட்டாள்.

ரப்பரிலேயே செய்வது என்று முடிவானது. ரப்பர் தகடுகளை வெட்டி ஒழுங்குபண்ணும்போது விழும் துண்டுகளை ஸ்டோரில் கேட்டு வாங்கி, அடுக்கடுக்காக ஒட்டி, மரத்தூணில் கட்டி அமுக்கி, அடி ஒன்று செய்தாள். அது வெள்ளையாக, பச்சையாக இருந்தது. அதை வேக வைக்க வேண்டும். தகடுகளைப் புகையில் காயவைக்கும் ஸ்டோர் புகைவீட்டில் சொந்தச் சாமானைத் தொங்கவிட யாரும் விடமாட்டார்கள். அப்போதுதான் அவள் என்னை அடித்த அன்று பார்த்த பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பெட்டி மண்ணெண்ணெயில் ஓடியது. அடியில் ஒரு சின்ன அறை, அதில் விளக்கு. "அடியில விளக்கு எரியும், மேல ஐஸ் பிடிக்கும்" என்று ராயப்பன் சொன்னபோது, மனிதர் புளுகுகிறார் என்றுதான் லயம் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "விளக்கு வைக்க இடம் இருக்கில்ல, அது போதும்" என்றாள். ராயப்பன் கடப்பாரையோடு வந்து உள்ளே இருந்த குழாய்களைப் பிடுங்கி எறிந்தார். "எங்க பெட்டி" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு பெருமை. உளியை வைத்து அடித்தகட்டில் ஓட்டைகள் போட்டார்கள். விளக்கு இருந்த இடத்தில் உடைந்த மண்ணடுப்பு ஒன்றைச் செருகினோம். உள்ளே கம்பித் தட்டுகள் அப்படியே இருந்தன. குண்டு போன ஓட்டை இரண்டும் புகை வெளியே போக வழி. சங்கு ஊதுவதற்கு முன்னால் நெருப்பு அணைந்திருக்க வேண்டும் என்று சொல்லி மண்டோர் விட்டுவிட்டார்.

தினமும் அம்மா வேலை முடிந்து வந்ததும் அடுப்பு மூட்டுவோம். ரப்பர் விறகு. அடி மெல்ல மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி, தேன் நிறத்துக்கு வந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தட்டிப் பார்த்து, "வெந்திருச்சு" என்றார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ரப்பரைப் பற்றித் தெரியாதது இல்லை. எந்த மரம் எந்த மாதம் பால் குறைக்கும், எந்த மழைக்குப் பால் கெடும், எவ்வளவு அமிலப் புளி ஊற்றினால் உறையும், எல்லாம் தெரியும். ஆனால் அந்த அறிவு புகைவீட்டுக் கதவோடு நின்றுவிடும். தேன் நிறத்துக்கு வந்த தகட்டைக் கட்டி லாரியில் ஏற்றினால் அதோடு நம் கணக்கு முடிந்தது. அது கப்பலேறிப் போய் டயராகத் திரும்பி வரும்வரை நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெந்துவிட்டது என்றே நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை, வேலிக்குள் ஸ்டோருக்கு ஏறும் சரிவில், தண்ணீர் வாளிகளை மாட்டிக்கொண்டு அக்கா நடந்து காட்டினாள். காலை வெயிலில் நன்றாகத்தான் நடந்தாள். தோள் இரண்டும் சமமாக இருந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மண்டோர், "இன்னும் ரெண்டு நடை போ" என்றார். வெயில் ஏறியது. ஸ்டோர் முற்றத்துச் சிமெண்டுத் தரை கொதித்தது. அங்கே வந்ததும் அடி இளகி ஒரு பக்கம் பிதுங்கியது. கூழாங்கல்லும் சருகும் ஒட்டிக்கொண்டு, மிதித்த பசைமாதிரி காலைப் பிடித்து இழுத்தது. அக்கா வாளிகளோடு குப்புற விழுந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மண்டோர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அந்த அடியைப் பிய்த்துக்கொண்டு நேராகப் பெட்டிக்குப் போனாள். உள்ளே வீசினாள். "வேகலையா நீ? வேகு!" என்று கரியை அள்ளி அள்ளிப் போட்டு விசிறினாள். நான் எட்ட நின்றேன். கொஞ்ச நேரத்தில் குண்டு ஓட்டை வழியாகக் கருப்பாகப் புகை வந்தது. கதவைத் திறந்தால், அடி உருகிக் கம்பி வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாள் வேலை, கரிக்குழம்பு.

அக்கா கதவைச் சாத்தப் போனாள். சாத்தவில்லை. கதவின் ஓரத்தைத் தொட்டாள். சூட்டில் கையை உதறிவிட்டு மறுபடி தொட்டாள். கதவைச் சுற்றி ஒரு சாம்பல் நிற வார் ஓடும். அதனால்தான் அந்த மெத்தென்ற சத்தம்.

"ஏய், இது என்னாடி?"

"ரப்பர்" என்றேன்.

"இதுவும் ரப்பர்தானே? அதே நெருப்புதானே? இது ஏன் உருகல?"

பால் வெட்டும் கத்தியால் அதில் ஒரு விரல்கடை நறுக்கி எடுத்தாள். வளைத்தாள், இழுத்தாள், கடித்தாள். கடைசியில் தணலில் போட்டாள். அது உருகாமல் பொசுங்கியது. அம்மா லயத்திலிருந்து வந்துகொண்டிருந்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"யாருடி மஞ்ச மருந்தைக் கொளுத்துறது?"

புது இலை விடும் காலத்தில் இலையில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, மரங்களுக்குக் கந்தகத்தூள் அடிப்பார்கள். மிஷினில் போட்டு ஊதினால் தோட்டமே மஞ்சள் பனியாக இருக்கும். அம்மா அந்த மூட்டை சுமந்தவள். வேலை முடிந்து வந்தால் அவள் புடவையில் ஒரு மாதத்துக்கு அந்த வாசனை போகாது. அவள் மூக்கு சொன்னால் சொன்னதுதான்.

அக்கா அந்தப் பொசுங்கிய துண்டை மண்ணில் தேய்த்து அணைத்தாள். அப்புறம் சிரித்தாள். விழுந்து முகமெல்லாம் செம்மண்ணாக, சிரித்தாள்.

ராயப்பன் வாரம் ஒருமுறை துரைக்குச் சாமான் வாங்க லாரியில் தம்பினுக்குப் போவார். அங்கே டயர் ஒட்டும் சீனக்கடை ஒன்று உண்டு. ரப்பரில் கந்தகம் கலந்தால்தான் உருகாதா என்று போய்க் கேட்டுவிட்டு வந்து திட்டினார். "கடை முதலாளி தௌக்கே என்னைப் பாத்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்லா. புகை போட்டதெல்லாம் மெந்தாவாம். பச்சையாம்! நாப்பது வருசமா நாம பச்சையாத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கோமாம். மஞ்சத்தூளைப் பாலோட கலந்து, அப்புறம் நல்ல சூட்டுல வைக்கணும்னான். எவ்வளவு தூளு, எவ்வளவு நேரம்னு கேட்டேன். அதைச் சொன்னா நீ நாளைக்குக் கடை போட்டுருவேன்னுட்டான். இந்தா, இதை மட்டும் குடுத்தான்." ஒரு பொட்டலத்தில் ஏதோ வெள்ளைத் தூள். அதையும் சேர்த்தால் சீக்கிரம் வேகுமாம்.

எவ்வளவு என்று தெரியாதது ஒன்றுதான் பாக்கி. அக்காவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "உப்பு எவ்வளவுன்னு யாரு சொல்லிக் குடுத்தா? போட்டுப் பாத்துத்தானே தெரிஞ்சுது."

காலியான மருந்துச் சாக்குகளை உதறித் தூள் சேர்த்தோம். அம்மி கேட்டதற்கு அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தாள். ஆற்றுக்கல் ஒன்றில் தண்ணீர் விட்டு மைபோல அரைத்தோம். மரத்தில் மாட்டிய கிண்ணங்களில், மங்குகளில், கடைசியாகச் சொட்டி நிற்கும் பாலை மண்டோரிடம் சொல்லிவிட்டு அம்மா கொண்டுவந்தாள். கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி, காயவிட்டு, அப்பளம் அளவு துண்டுகளாகப் பெட்டிக்குள் வைத்தோம். முதல் துண்டு ஓடு மாதிரி விறைத்து, ஒடித்தால் ஒடிந்தது. தூள் அதிகம். அடுத்தது பூரி மாதிரி உப்பியது. ஈரம் சரியாகக் காயவில்லை. இன்னொன்று மேலே கரிந்து உள்ளே பச்சையாக இருந்தது. அது என்னால். நெருப்பு என் பொறுப்பு.

சூட்டைப் பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். தென்னை ஈர்க்கைக் குண்டு ஓட்டை வழியாக உள்ளே விட்டு, நூறு எண்ணி வெளியே எடுக்க வேண்டும். ஈர்க்கு வெள்ளையாகவே வந்தால் விசிற வேண்டும். பால் போட்ட டீ நிறத்தில் வந்தால் சரி. காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் ஒரு சட்டிக் கரியை வெளியே இழுக்க வேண்டும். காட்டுக்காரர் சுட்ட ஓட்டை எனக்கு மூச்சும் கொடுத்தது, இந்தக் கணக்கும் கொடுத்தது. அக்கா நடுநடுவே கதவைத் திறந்து பார்ப்பாள். ராயப்பனுக்குப் பொறுக்காது. "துரை வீட்டு கேக்கு வேகுறப்ப நான் கதவைத் திறப்பனா? அமுங்கிப் போயிரும்! மூடு பிள்ள!" என்று கத்துவார். கேக்குக்குச் சொன்னதுதான். ஆனால் அதற்கப்புறம் துண்டு சீராக வெந்தது.

ஒரு நாள் வந்த துண்டை அக்கா நகத்தால் அமுக்கினாள். தடம் விழுந்து, உடனே மறைந்துவிட்டது. மத்தியானச் சிமெண்டில் வைத்தாள். ஒட்டவில்லை. இழுத்துவிட்டாள். இருந்த இடத்துக்கே வந்தது. அதை உருட்டி ராயப்பன் மேல் எறிந்தாள். அவர் மண்டையில் பட்டு என் கைக்கு வந்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டு, "வெந்திருச்சு" என்றார்.

பெரிய அடியை அடுக்கடுக்காக ஊற்றிக் காயவைத்து முடிக்கத் தீபாவளி நெருங்கிவிட்டது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நெருப்பைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது கருஞ்சிவப்பாக, கனமாக இருந்தது. சப்பாத்தில் வைத்துத் தைத்து, வாரால் கட்டிக்கொண்டாள். மண்டோர் வந்து பார்த்தார். "இங்க நடந்து காட்ட வேணாம். நாளைக்கு மலைத்தோட்டத்துக்கே வா. ஒரு நாள் வெட்டி, எடுத்து, சுமந்து காட்டு. காலையில பேர் வாசிக்கிற பெரட்டு பண்டிகைக்கு முன்னாடி இன்னும் ரெண்டுதான். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

மறுநாள் விடிந்து, கேட்டில் வரிசையாக நின்றோம். மங்கு துடைக்க நானும் போனேன். பெண்களைச் சோதிக்க பெடாஸிலிருந்து சரசு என்று ஒருத்தி வருவாள். அக்காவின் முறை வந்தது. சரசு தலை முதல் தடவிக்கொண்டே வந்து காலில் நின்றுவிட்டாள்.

"என்னாடி இது? ஒரு கால்ல மட்டும் இவ்ளோ தடியா?"

"கால் குட்டைக்கா. அதுக்காக."

"உள்ள என்னா இருக்கு?"

"ரப்பர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. போன மாசம் காண்டாக் கம்பைக் குடைஞ்சு உள்ள அரிசி வச்சிருந்தாங்க. பாக்காம விட்டவளுக்கு வேலை போச்சு, போலீசு விசாரணை வேற. எனக்கு ரெண்டு புள்ளைங்க. கழட்டு."

சரசு கத்தியை எடுத்தாள். அடியின் நடுவில் வெட்டினால் போயிற்று. இன்னொன்று வேக வைக்க நாள் இல்லை. அம்மா சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயே, அதை வெட்டாத. எம்பொண்ணு இங்க இருக்கிறதே அதை வச்சுத்தான்." சரசு அவளைப் பார்க்காமல் கையை விடுவித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கும் பயம். மண்டோர் கேட்டுக்கு வெளியே திரும்பி நின்றார்.

அக்கா சப்பாத்தைக் கழற்றினாள். வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று, அதை அவளே நீட்டினாள்.

"வெட்டுக்கா. குதிகால் ஓரமா, உள்பக்கம் வரைக்கும் ஒரு கீத்து எடு. நடுவுல வெட்டினா நான் விழுவேன். ஓரத்துல வெட்டினா உனக்கும் தெரியும், எனக்கும் மிஞ்சும்."

சரசுவின் கத்தி இறங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. மண்டோர் திரும்பி வந்து தன் பால்கத்தியைக் கொடுத்தார். அழுத்தி இழுத்தாள். மாம்பழக் கீற்று மாதிரி ஒரு துண்டு துள்ளி விழுந்தது. வெட்டின இடம் கண்ணாடியாக இருந்தது. மேலே இருந்த அதே நிறம், உள்ளே கடைசிவரை. குழி இல்லை, அரிசி இல்லை. சரசு மோந்து பார்த்தாள். "தூ, மருந்து நாத்தம்" என்று சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மண்டோர் கீழே கிடந்த கீற்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். இழுத்தார். பல்லால் கடித்துப் பார்த்தார். என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

மலைத்தோட்டத்தில் அக்கா வெட்டினதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எப்போதும் போல வெட்டினாள். பால் எடுத்து முடித்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பால் தளும்பாமல் இருக்க எல்லாரும் வாளியில் நாலு இலையைப் போட்டு மிதக்கவிடுவார்கள். மண்டோர் அவள் வாளியிலிருந்து இலைகளை எடுத்து எறிந்தார். "பாக்கணும்மா. தப்பா எடுத்துக்காத." அக்கா காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள். நான் பின்னால் குனிந்தபடியே போனேன். செம்மண்ணில் வெள்ளைச் சொட்டு விழுந்தால் பளிச்சென்று தெரியும். ஒன்றிரண்டு விழுந்தது. அது யாருக்கும் விழும். மேலே பால் அளக்கும் இடத்தில் வாளிகளை இறக்கியபோது பால் விளிம்பில் ஆடிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் சிந்தவில்லை.

மண்டோர் வாளியைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு" என்றார்.

பெரட்டில் பேர் வாசிக்கும்போது எல்லாரும் "ஆ" என்று ஒரு முனகல் முனகுவார்கள், அவ்வளவுதான் வழக்கம். மறுநாள் "அஞ்சலை" என்று வாசித்ததும் அக்கா "இருக்கேன்!" என்று கத்தினாள். களமே சிரித்தது. தீபாவளிக்குப் பிறகு லாரி வந்தது. சிலரை ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் வீட்டுப் பக்கம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் பெட்டி சும்மா இருக்கவில்லை. அட்டை கடிக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு ரப்பர் பூசித் தரச் சொல்லிப் பெண்கள் வந்தார்கள். ராயப்பன் தன் கோழிக்கூண்டுக் கதவுக்குக்கூட வார் செய்துகொண்டார், "பொத்"தென்று மூட வேண்டுமாம். அக்கா தனக்கு அடி தேயத் தேயப் புதிது செய்துகொண்டாள். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் குதிகால் ஓரத்தில் அவளே ஒரு கீற்று வெட்டி எடுத்துவிடுவாள். சோதிக்கிறவர்கள் உள்ளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. முள்கம்பியை எடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த அடிகளில் நின்றுதான் அவள் வேலை ஓய்ந்தாள், என்னையும் கட்டிக்கொடுத்தாள்.

இப்போது அக்கா சிரம்பானில் என் வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அளவெடுத்து ஒரு சப்பாத்து கொடுத்திருக்கிறார்கள். லேசாக இருக்கிறது. "பஞ்சு" என்று சொல்லிவிட்டு ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி, அதன் குதிகாலிலும் கீற்று எடுத்துவிட்டாள். என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

போன மாதம் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மகன் காரில் கூட்டிப்போனான். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது எனக்குத் தெரியும். செம்பனையும் போய்விட்டது எனக்குத் தெரியாது. லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, புகைவீட்டு வாசனை இல்லை. மலையையே சீவி மட்டமாக்கி வரிசையாக மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பெட்டியை எந்தப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனானோ. சரிவு இருந்த இடத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

ஆனால் வாசலில் ஒரு கேட் இருந்தது. கிட்டத்தட்ட பழைய கேட் இருந்த அதே இடம். குறுக்கே ஒரு கம்பம், பக்கத்தில் ஒரு காவல் கூண்டு. சீருடை போட்ட பையன் ஒருவன் வந்து குனிந்து, எங்கே போகிறோம், யாரைப் பார்க்க வேண்டும், ஐசி, அடையாள அட்டை, கொடுங்கள் என்று மலாயில் கேட்டான். மகன் தடுமாறினான். பார்க்க எங்களுக்கு அங்கே யாரும் இல்லை.

அக்கா கார்க் கதவைத் திறந்தாள். இடது காலைத் தூக்கி வெளியே நீட்டினாள். குதிகாலைத் திருப்பி, கீற்று எடுத்த இடத்தை அவனுக்குக் காட்டினாள்.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா. வேணும்னா இன்னொரு வெட்டு வெட்டிப் பாத்துக்க."